எந்தச் செல்லில் எந்தச் சர்க்கரையை மாற்றுவது?

மார்பகப் புற்றுக்கட்டிகளை மெல்லிதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால், ஏறத்தாழ நான்கில் ஒன்றில் சயாலில்-டிஎன் என்ற குட்டையான சர்க்கரைக் குறி தென்படுகிறது. அதே நோயிலிருந்து பிறந்து, ஐம்பது ஆண்டுகளாக ஆய்வகக் குடுவைகளில் வளர்ந்துவரும் செல் வரிசைகளில் அதைத் தேடினால் அகப்படுவதில்லை. அந்தக் குறியைக் கட்டுகிற எஸ்டி6கால்நாக்1 என்ற நொதியின் மரபணு அவற்றில் உறங்கிக் கிடக்கிறது. சயாலில்-டிஎன்னைக் குறிவைத்த தடுப்பூசி ஒன்று, நோய் பரவிய நிலையிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதிக்கப்பட்டு 2003-இல் தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் குறி செல்லுக்கு என்ன செய்கிறது என்று விசாரிக்க நினைப்பவரின் கையில், அந்தக் குறியே இல்லாத செல்கள்தாம் இருக்கின்றன. ஆகவே செல்லை நாமே மாற்றியமைக்க வேண்டியிருக்கிறது. எதை எடுப்பது, எப்படி மாற்றுவது?

பல ஆய்வகங்களில் இந்த முடிவு தலைகீழாக எடுக்கப்படுகிறது. உறைபெட்டியில் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல் வரிசை இருக்கிறது. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறை தெரிந்த ஒரு மாணவர் இருக்கிறார். அப்படியானால் எம்சிஎஃப்-7இல் ஒரு மரபணுவை முடக்கிவிடலாம் என்று வேலை தொடங்கிவிடுகிறது. சில மாதங்கள் கழித்து, நாம் மாற்ற நினைத்த சர்க்கரை அந்தச் செல்லில் முதலிலிருந்தே வேறு வடிவில்தான் இருந்தது என்று தெரியவரும். நானும் அப்படித் தொடங்கியவன்தான்.

ஒரு துண்டுக்குப் பல நொதிகள்

ஒப்பிடுவதற்கு முன் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரதத்தின் செரின் அல்லது திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மீது முதலில் என்-அசிட்டைல்கேலக்டோசமைன் என்ற ஒற்றைச் சர்க்கரை அமர்கிறது. அதுதான் டிஎன் குறி. (டிஎன்ஏவோடு இதற்கு எந்த உறவும் இல்லை, பெயர் வைத்தவர்கள் நம்மை நினைக்கவில்லை.) அதன்மேல் கேலக்டோஸ் ஏறினால் கோர்-1, அதாவது டி குறி. இதைச் செய்வது டி-சின்தேஸ் நொதி. அந்த நொதி ஒழுங்காக மடிந்து உருவாக காஸ்மிக் என்ற துணைப்புரதம் கட்டாயம் வேண்டும் என்பது 2002-இல் தெரியவந்தது. கோர்-1 உருவான பிறகு பாதை பிரிகிறது. கோர்-2 நொதி கைவைத்தால் சங்கிலி கிளைவிட்டு நீளும். எஸ்டி3கால்1 என்ற நொதி முந்திக்கொண்டால் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூடியைப்போல் உட்கார்ந்துவிடும். சங்கிலி அதோடு நிற்கும். கோர்-1 உருவாவதற்கு முன்பே, டிஎன் நிலையிலேயே எஸ்டி6கால்நாக்1 புகுந்தால் கிடைப்பது சயாலில்-டிஎன்.

இயல்பான மார்பகச் சுரப்பியில் மியூக்-1 என்ற செல் மேற்பரப்புப் புரதம் பெரும்பாலும் கோர்-2 வகை நீண்ட சங்கிலிகளைச் சுமக்கிறது. புற்றில் அவை குட்டையாகின்றன. மியூக்-1இல் 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு துண்டிலும் சர்க்கரை அமரக்கூடிய இடங்கள் ஐந்து. அதனால் செல்லில் இந்தச் சர்க்கரைகள் கட்டப்படும் இடமான கால்ஜிக்குள் நடக்கும் நொதிப் போட்டியில் சிறிய சாய்வு ஏற்பட்டாலும் அந்தப் புரதத்தின் மேற்பரப்பு முழுவதும் வேறாகிவிடும்.

மூன்று தாய்ச் செல்கள்

எம்சிஎஃப்-7, டி47டி, எம்டிஏ-எம்பி-231 ஆகிய மூன்றும் 1970-களில் நோயாளிகளின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து வந்தவை. முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை. மூன்றாவது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத முரட்டு வகை. வழக்கமான பாடநூல் ஒப்பீடு இங்கே முடிந்துவிடும். சர்க்கரை வேலைக்கு இந்த வகைப்பாடு பாதி உதவிகூடச் செய்வதில்லை.

சர்க்கரைக் கண்ணோடு பார்த்தால் தனித்து நிற்பது டி47டி. அதில் கோர்-2 நொதியின் செயல்பாடு மிகக் குறைவு, எஸ்டி3கால்1 வகைச் செயல்பாடு அதிகம். விளைவாக அதன் மியூக்-1 முழுக்கக் கோர்-1 அடிப்படையிலான, சயாலிக் அமிலம் மூடிய குட்டைச் சங்கிலிகளால் நிறைந்திருக்கிறது. ஒரே மியூக்-1 துண்டை வெவ்வேறு மார்பகப் புற்றுச் செல்களில் உற்பத்தி செய்து ஒப்பிட்டபோது டி47டி கோர்-1 பக்கமும், எம்சிஎஃப்-7உம் எம்டிஏ-எம்பி-231உம் கோர்-2 பக்கமும் சாய்ந்தன. அதாவது, பல கட்டிகளில் காணப்படும் குட்டைச் சங்கிலி டி47டியில் இயல்பாகவே இருக்கிறது. எம்சிஎஃப்-7 இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நலமான சுரப்பியின் பக்கம் நிற்கிறது.

இதிலிருந்து நடைமுறையில் ஒரு முடிவு கிடைக்கிறது. “சங்கிலி குட்டையானால் என்ன ஆகும்” என்பது கேள்வியானால் நீளமான சங்கிலி உள்ள எம்சிஎஃப்-7இலிருந்து தொடங்குவது பொருந்தும். “நீளமாக்கினால் புற்றின் குணம் மாறுமா” என்று கேட்டால் டி47டியில் கோர்-2 நொதியைச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனை 2001-இலேயே வெளியாகிவிட்டது. கோர்-2 நொதி சேர்ந்ததும், எஸ்எம்3 என்ற ஆன்டிபாடி புற்று வகை மியூக்-1இல் தேடிப்பிடிக்கும் பகுதி மறைந்துபோனது. இரு நொதிகளில் எதன் கை ஓங்குகிறதோ அதைப் பொறுத்தே சங்கிலி அமைகிறது என்பதற்கு இன்றும் நான் காட்டும் எடுத்துக்காட்டு அதுதான். நோயெதிர்ப்புச் செல்களோடு உரையாடலைப் பார்க்க வேண்டும் என்றாலும் டி47டிக்கே என் வாக்கு: சயாலிக் அமிலம் மூடிய மியூக்-1, மேக்ரோபேஜ்களின் சிக்லெக்-9 ஏற்பியோடு ஒட்டி அவற்றைக் கட்டிக்குச் சாதகமாகத் திருப்புகிறது என்று 2016-இல் காட்டப்பட்டது. அந்தச் சர்க்கரை டி47டியின் மேல் நாம் எதுவும் செய்யாமலே இருக்கிறது.

எம்டிஏ-எம்பி-231இன் பலம் வேறிடத்தில். இது நகரும், ஊடுருவும், எலியில் ஈஸ்ட்ரோஜன் துணையின்றிக் கட்டியாக வளர்ந்து பரவும். மற்ற இரண்டும் எலிக்குள் வளர வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாக வேண்டும். மூளைக்குப் பரவும் கிளைகளை இதிலிருந்து பிரித்தெடுத்து, எஸ்டி6கால்நாக்5 என்ற, வழக்கமாக மூளையில் இயங்கும் நொதி அங்கே தலைதூக்குவதை 2009-இல் கண்டறிந்தார்கள். குறை என்னவென்றால், இதில் மியூக்-1 அளவு குறைவு. மியூக்-1இன் சர்க்கரையைப் படிக்க இதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புரதமே போதவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எம்சிஎஃப்-7 பற்றி ஒரு எச்சரிக்கை. செல் தற்கொலையை நடத்தும் காஸ்பேஸ்-3 நொதி அதில் இல்லை. அதன் மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. சர்க்கரையை மாற்றியதால் செல் தற்கொலைக்குத் தூண்டப்படுகிறதா என்று பார்க்கிற திட்டத்துக்கு இது ஒத்துவராது. வளர்ப்பு ஊடகத்துக்கு நிறம் தரும் ஃபீனால் ரெட் லேசாக ஈஸ்ட்ரோஜன்போல நடந்துகொள்ளும் என்பதையும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல்களோடு வேலை செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். ஹெர்2 சார்ந்த கேள்விக்கு எஸ்கே-பிஆர்-3. “இயல்பான” ஒப்பீட்டுக்கு எம்சிஎஃப்-10ஏ, ஆனால் அது தானாகவே அழியாத்தன்மை பெற்றுவிட்ட செல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. எம்டிஏ-எம்பி-435 வேண்டவே வேண்டாம். மார்பகப் புற்று என்று பல ஆண்டுகள் நம்பப்பட்ட அந்த வரிசை, எம்14 என்ற மெலனோமாவின் செல்கள்தான் என்பது மரபணுக் கைரேகைப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. பழைய சர்க்கரை ஆய்வுகள் சிலவற்றில் இன்னும் அந்தப் பெயரைக் காணலாம். படிக்கும்போது பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நறுக்குவதா, சேர்ப்பதா?

தாய்ச் செல் முடிவானதும் அடுத்த கேள்வி மாற்றும் வழி. இங்கே எதிரெதிராக நிற்பவை இரண்டு: காஸ்மிக்கை முடக்குவது, எஸ்டி6கால்நாக்1ஐச் சேர்ப்பது. இரண்டையும் “குட்டைச் சர்க்கரை மாதிரி” என்று ஒரே தலைப்பின் கீழ் எழுதிவிடுகிறார்கள். இவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான கருவிகள் என்பதுதான் என் வாதம்.

காஸ்மிக்கை முடக்கினால் டி-சின்தேஸ் செயலிழக்கிறது; கோர்-1, கோர்-2 இரண்டும் ஒன்றாகப் போய்விடுகின்றன; செல்லின் இந்த வகைச் சர்க்கரைகள் எல்லாம் டிஎன் நிலையில் தேங்கி நிற்கின்றன. கோபன்ஹேகன் குழு 2011-இல் இதை ஓர் உத்தியாக மாற்றியது. விதவிதமான சங்கிலிகளை ஒற்றைச் சர்க்கரையாகச் சுருக்கிவிட்டால், எந்தப் புரதத்தின் எந்த இடத்தில் சர்க்கரை அமர்கிறது என்பதை, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் எளிதாகப் படிக்கலாம். “சிம்பிள்செல்” என்று அதற்குப் பெயர். 2013-இல் 12 மனிதச் செல் வரிசைகளில் இதைச் செய்து, 600-க்கும் மேற்பட்ட புரதங்களில் ஏறக்குறைய 3,000 இடங்களை வரைபடமாக்கினார்கள். இட வரைபடம் வேண்டும் என்றால் இதற்கு நிகராக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தொழில்நுட்ப ரீதியாகவும் காஸ்மிக் நல்ல இலக்கு. அதன் புரதக் குறியீடு முழுவதும் ஒரே எக்ஸானில் (மரபணுவின் குறியீட்டுத் துண்டில்) இருக்கிறது. வெட்டிய துண்டைத் தாண்டிச் செல் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஒரு பிரதிதான் இயங்கும், ஒரு வெட்டுப் போதும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கை இங்கே நம்பக்கூடாது. புற்றுச் செல்கள் மௌனமான எக்ஸை இழந்து, இயங்கும் எக்ஸை இரட்டிப்பாக்கிக்கொள்வது உண்டு. எம்டிஏ-எம்பி-231, டி47டி செல்களில் குரோமோசோம்கள் 60-க்கும் மேல். எம்சிஎஃப்-7இல் 80-ஐ ஒட்டி வரும். ஒரு மரபணுவுக்கு மூன்று நான்கு பிரதிகள் இருக்கலாம், எல்லாவற்றையும் வெட்டியாக வேண்டும். டிஎன்ஏ வரிசையறிந்து ஒவ்வொரு பிரதியின் சேதத்தையும் தனித்தனியாகப் பார்க்காமல் “முடக்கிவிட்டோம்” என்று எழுதுவது அவசரம்.

ஆனால் காஸ்மிக் முடக்கிய செல் நோயின் பிரதி ஆகிவிடுமா? மார்பகக் கட்டிகளில் காஸ்மிக்கின் சடுதிமாற்றம் அரிது. அங்கே சங்கிலி குட்டையாவதற்குக் காரணம் பெரும்பாலும் நொதிகளின் சமநிலை சாய்வதுதான்: எஸ்டி3கால்1 கூடுகிறது, கோர்-2 குறைகிறது, சில கட்டிகளில் எஸ்டி6கால்நாக்1 விழித்துக்கொள்கிறது. காஸ்மிக் இல்லாத செல்லில் எல்லாப் புரதத்திலும் எல்லா இடத்திலும் ஒரேயடியாகச் சங்கிலி அறுந்துவிடுகிறது. மரத்தின் கிளையமைப்பைப் படிக்க எல்லா இலைகளையும் உதிர்த்துவிட்டதைப்போல. கிளை நன்றாகத் தெரியும். இலையுதிர்ந்த அந்த மரத்தை வைத்துக்கொண்டு இலை நோயைப் பற்றிப் பேச முடியாது. டிஎன் சுமக்கும் மியூக்-1ஐக் குறிவைக்கும் ஆன்டிபாடி அல்லது சிகிச்சைச் செல் வேலை செய்கிறதா என்று சோதிக்க இது பொருத்தமான இலக்குச் செல். “டிஎன் இருந்தால் புற்று இப்படி நடக்கும்” என்று இதிலிருந்து முடிவு சொல்லும் கட்டுரையை நான் ஒருமுறைக்கு இருமுறை படிப்பேன்.

எஸ்டி6கால்நாக்1ஐச் சேர்ப்பது நோய்க்கு இன்னும் அருகில். அந்த நொதி கால்ஜி முழுவதும் பரவியிருப்பதால், டி-சின்தேஸ் கைவைப்பதற்கு முன்பே டிஎன்னைப் பிடித்துச் சயாலிக் அமிலத்தைப் பூட்டிவிடுகிறது. காஸ்மிக் முழுமையாக இருக்கும் செல்லிலும் சயாலில்-டிஎன் உருவாகிறது. கட்டியில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. லில் நகரக் குழு டி47டியில் இதைச் செய்தபோது ஒட்டும் தன்மை குறைந்து நகர்வு கூடியது. எம்டிஏ-எம்பி-231இல் செய்தபோது சர்க்கரை அமைப்பே பெரிதாக மாறி, எலியில் கட்டி உருவாக்கும் திறன் அதிகரித்தது.

இதற்கும் குறை உண்டு. வலுவான வைரஸ் முன்னியங்கியால் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ துண்டால்) ஓட்டப்படும் நொதி, எந்தக் கட்டியிலும் இல்லாத அளவுக்குப் பெருகிவிடும். அளவு அதிகமானால் அது தன் இடத்தில் மட்டும் நில்லாமல் மற்ற நொதிகளின் வேலையிலும் குறுக்கிடும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் மட்டும் இயங்கும் அமைப்பு இதைவிட நல்லது; ஒரே குளோனில் (ஒற்றைச் செல்லிலிருந்து பெருகிய கூட்டத்தில்) நொதி இருக்கும் நிலையையும் இல்லாத நிலையையும் பார்த்துவிடலாம். செல் வளர்ப்பில் சேர்க்கும் சாதாரண மாட்டு சீரத்தில் டாக்ஸிசைக்ளினின் இனமான டெட்ராசைக்ளினின் எச்சம் இருக்கக்கூடும் என்பதால் அது நீக்கப்பட்ட சீரம் வாங்க வேண்டும். சீரம் பற்றிப் பேசும்போதே இன்னொன்று: மனிதச் செல்லால் உற்பத்தி செய்ய முடியாத நியூ5ஜிசி என்ற சயாலிக் அமிலம் மாட்டு சீரத்திலிருந்து நம் செல்லுக்குள் நுழைந்து அதன் சர்க்கரையில் கலந்துவிடும். சயாலிக் அமிலத்தைப் படிக்கிறவர் தன் செல் என்ன சாப்பிடுகிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

மருந்தால் தடுக்கும் மூன்றாவது வழி மலிவானது, வேகமானது, கரடுமுரடானது. ஃப்ளூரின் சேர்த்த சயாலிக் அமிலம் ஒரு சில நாள்களில் செல்லை மொட்டையாக்கும். ஆனால் புரதத்தோடு நைட்ரஜன் வழியாகச் சேரும் சர்க்கரை, ஆக்சிஜன் வழியாகச் சேரும் சர்க்கரை, கொழுப்பின்மேல் உள்ள சர்க்கரை மூன்றிலிருந்தும் சேர்த்தே மழித்துவிடும். முதல் வாரத்தில் “இங்கே சயாலிக் அமிலத்துக்கு ஏதேனும் பங்கு உண்டா” என்று தட்டிப் பார்க்க உகந்தது. அதைத் தாண்டி நான் பயன்படுத்துவதில்லை.

இரண்டு முகடுகள்

செய்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்தான் அதிகம் வழுக்குகிறோம். எங்கள் முதல் எஸ்டி6கால்நாக்1 வரிசை தயாரானபோது, டிஎன்னைப் பிடிக்கும் விவிஏ லெக்டினால் (சர்க்கரையோடு ஒட்டும் புரதத்தால்) சாயமேற்றி, ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினோம். தாய்ச் செல்லின் முகடும் புதிய செல்லின் முகடும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே அமர்ந்திருந்தன. சயாலிக் அமிலம் மூடிய டிஎன்னை விவிஏ பார்க்காது, முதலில் மூடியைக் கழற்ற வேண்டும் என்று நினைவுக்கு வந்தது. பெட்டியில் இருந்த, சயாலிக் அமிலத்தை வெட்டும் சயாலிடேஸ் நொதியை ஊற்றி மறுபடி ஓட்டினோம். அப்போதும் அசைவில்லை. மாணவர் வரிசையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். குப்பியின் சிட்டையைப் படித்தபோதுதான் விளங்கியது: அது ஆல்ஃபா-2,3 பிணைப்பை மட்டும் வெட்டும் வகை, சயாலில்-டிஎன்னில் இருப்பதோ ஆல்ஃபா-2,6. அகன்ற தேர்வுள்ள சயாலிடேஸை வரவழைத்துச் செய்தபோது முகடு வலப்பக்கம் துள்ளிப் போயிற்று. தவறு எங்களுடையது, குப்பி தன்மேல் எழுதியிருந்ததைத்தான் செய்தது.

காஸ்மிக் முடக்கத்துக்குச் சோதனை இன்னும் எளிது. சயாலிடேஸ் கொடுத்த பிறகு தாய்ச் செல், கோர்-1ஐப் பிடிக்கும் வேர்க்கடலை லெக்டினோடு ஒட்ட வேண்டும். முடக்கிய செல் ஒட்டக்கூடாது, விவிஏவோடு ஒட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நம்புவேன். குளோன் பிரிக்காமல் கலவையாகவே வைத்துக்கொண்டால் ஒரே படத்தில் இரண்டு முகடுகள் தெரியும், வாரம் செல்லச்செல்ல வெட்டுப்படாத செல்களின் முகடு உயர்ந்துகொண்டே போகக்கூடும். அதைப் பார்த்த பிறகு நான் கலவையை நம்புவதை விட்டுவிட்டேன்.

குளோனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வெவ்வேறு ஆய்வகங்களில் வளர்ந்த எம்சிஎஃப்-7இன் 27 கிளைகளை எடுத்து 321 மருந்துகளால் சோதித்தது. சில கிளைகளை வலுவாகத் தடுத்த மருந்துகளில் குறைந்தது 75 சதவீதம், வேறு சில கிளைகளில் சிறிதும் செயல்படவில்லை. எவரும் எந்த மரபணுவையும் தொடாமலே இவ்வளவு வேறுபாடு. அப்படியிருக்க, ஒரே ஒரு முடக்கிய குளோனைத் தாய்க் கலவையோடு ஒப்பிட்டு, வந்த வேறுபாட்டையெல்லாம் சர்க்கரையின் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்? முடக்கியதில் காஸ்மிக்கைத் திருப்பிச் சேர்த்த செல், சேர்த்ததில் செயலற்ற நொதியைச் சேர்த்த செல் – இவை இல்லாத தொகுப்பை நான் ஏற்பதில்லை. தாய்ச் செல் எது என்ற விவாதத்தைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

பிறர் தயாரித்த வரிசையை வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. வாங்கலாம், அதன் தாய்ச் செல்லையும் அவர்களிடமிருந்தே வாங்கினால். அவர்களுடைய முடக்கிய செல்லை நம்முடைய உறைபெட்டியிலுள்ள டி47டியோடு ஒப்பிட்டால் நாம் அளப்பது சர்க்கரையையா, இரு ஆய்வகங்களின் வரலாற்றையா என்று தெரியாது.

மற்ற சர்க்கரைகள்

இதுவரை சொன்னது ஆக்சிஜன் வழிச் சர்க்கரையைப் பற்றி. நைட்ரஜன் வழிக் கிளைகளைப் படிக்க எம்காட்5 நொதியை முடக்குவது வழக்கம். அது இல்லாத எலிகளில் மார்பகக் கட்டி மெதுவாக வளர்ந்து குறைவாகப் பரவியது என்று 2000-இல் தெரிந்தது. பிடி-எல்1 போன்ற ஒரே புரதத்தின் சர்க்கரைதான் அக்கறை என்றால் நொதியைத் தொடாமல், அந்தப் புரதத்தில் சர்க்கரை அமரும் நான்கு அஸ்பராஜின் அமினோ அமிலங்களை மாற்றுவது மேல். செல்லின் மற்ற ஆயிரம் புரதங்கள் நிம்மதியாக இருக்கும். செல்லுக்குள்ளேயே புரதங்களின்மேல் ஒற்றைச் சர்க்கரை அமரும் ஓ-கிளக்நாக் மாற்றத்துக்கு முடக்கம் கைகொடுக்காது. அதைச் செய்யும் ஓஜிடி நொதி இல்லாமல் செல் பிழைக்காது. பகுதியளவு குறைப்பதோ தடுப்பு மருந்தோதான் வழி.

ஆக, இன்று ஒரு புதிய ஆய்வகம் தொடங்கினால் நான் செய்வது இது. டி47டியை எடுப்பேன், மரபணுக் கைரேகையும் மைக்கோபிளாஸ்மா கிருமித் தொற்றும் பார்த்து முதலிலேயே நிறையக் குப்பிகளை உறையவைப்பேன். அந்த ஒரே இருப்பிலிருந்து காஸ்மிக் முடக்கிய குளோன்கள் மூன்று, காஸ்மிக் திருப்பிச் சேர்த்தது ஒன்று, டாக்ஸிசைக்ளினால் இயங்கும் எஸ்டி6கால்நாக்1 ஒன்று, அதன் செயலற்ற வடிவம் ஒன்று. எம்சிஎஃப்-7ஐ இரண்டாம் சாட்சியாக வைத்துக்கொள்வேன். கேள்வி எலியில் பரவுதலைப் பற்றியது என்றால் மட்டும் இந்தப் பட்டியலைக் கிழித்துப்போட்டுவிட்டு எம்டிஏ-எம்பி-231இல் தொடங்குவேன். அப்போது மியூக்-1ஐத் தேடி நேரத்தை வீணாக்காமல், சயாலில்-டிஎன்னைச் சுமப்பவை அங்கே எந்தப் புரதங்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.